கழுவாத மணல்

காரை பெயர்ந்து அவருடைய இடது கால்மேல் விழுந்தது. அதனால் அவருக்கு வலிக்கவில்லை. பக்கவாதம் வந்து இரண்டு வருடமாக அந்தக் காலுக்கு எதுவும் தெரிவதில்லை.

முன்னறையில், சட்டைக்குப் பொத்தான் துளை போடுகிற காஜா மெஷினில் உட்கார்ந்திருந்த அவர் மனைவிக்குச் சத்தம்தான் கேட்டது. ஊசியில் மாட்டிய சட்டையை உருவாமலே எழுந்து ஓடிவந்தாள். கட்டிலின் கால்மாட்டில் சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்குக் காரை உடைந்து கிடந்தது. போர்வை முழுக்கத் தூசி. மேலே, விழுந்த இடத்தில், கம்பி தெரிந்தது. அதைக் கம்பி என்று சொல்ல முடியாது. கம்பி இருந்த இடத்தில் செதில் செதிலாகச் சிவப்பாக ஏதோ ஒட்டிக்கொண்டிருந்தது.

அவர் வலது கையை நீட்டினார். ஒரு துண்டை எடுத்துக் கொடுத்தாள். பெருவிரலால் தேய்த்துப் பார்த்தார். பிறகு நாக்கில் வைத்தார்.

"சின்னப் பிள்ளையா நீங்க, மண்ணைத் திங்கறதுக்கு?" என்று பிடுங்கிக்கொண்டாள்.

அவர் கொஞ்ச நேரம் மேலே பார்த்துக்கொண்டிருந்தார். வாய் ஒரு பக்கம் கோணியிருந்ததால் அவருடைய பேச்சு வழுக்கிக்கொண்டு வரும். ஆனால் சொல்ல வந்ததைச் சொல்லி முடிப்பார்.

"மூணு பேரைக் கூப்பிட்டு எஸ்டிமேட் கேளு. ஒருத்தன் சொன்னதை இன்னொருத்தன்கிட்ட சொல்லாதே. எவ்வளவு ஆகும்னு கேக்காதே, என்ன செய்வேன்னு கேளு. எடுத்ததும் காசைப் பத்திப் பேசறவனுக்குத் தண்ணி குடுத்து அனுப்பிடு."

முப்பது வருடம் கொத்தனாராக இருந்தவர். சுவரில் வைத்து மட்டம் பார்க்கிற கருவியின் பெயரையே வேலைக்காரர்கள் அவருக்கு வைத்திருந்தார்கள், ரசமட்டம் என்று. எங்கேயோ ஒரு வீட்டில் இடுப்புயரம் எழும்பிவிட்ட சுவர் நூலளவு சாய்ந்திருக்கிறது என்று, வீட்டுக்காரரே போதும் என்று சொன்ன பிறகும், இடித்துக் கட்டவைத்தவர். சோற்றுத் தட்டையும் மட்டம் பார்த்துத்தான் வைப்பார் என்று அவர் காதுபடவே சொல்லிச் சிரிப்பார்கள். அவரும் கூடச் சிரிப்பார். மறுநாள் சொன்னவனுடைய வேலையை இரண்டு முறை சரிபார்ப்பார்.

சொந்த வீட்டை ஞாயிற்றுக்கிழமைகளில் கட்டினார். அடுத்தவர் வீட்டில் மிச்சமான செங்கல், வெட்டி எறிந்த கம்பி, பாதி மூட்டை சிமென்ட். முன்னால் ஓர் ஒடுக்கமான அறை, பின்னால் ஓர் அறை, அதை ஒட்டிக் குளியலறை. கூரைத் தளத்தை ஒரே நாளில் போட ஆள் சேரவில்லை. ஒரு ஞாயிறு முன்பாதி, மூன்று வாரம் கழித்துப் பின்பாதி. நடுவில் சேர்த்த கோடு இன்றைக்கும் மொட்டை மாடியில் தெரியும்.

முதலில் வந்தவன் பூச்சுக் கம்பெனி ஆள். இஸ்திரி கலையாத சட்டை. கூரையைக் கண்ணால் பார்க்கவே இல்லை, போனை உயர்த்திப் பிடித்து அதில்தான் பார்த்தான். மேலே வெள்ளைப் பூச்சு இரண்டு கை பூசினால் வெயிலும் இறங்காது, தண்ணீரும் இறங்காது, பத்து வருடத்துக்குக் கேரண்டி என்று கட்டில் பக்கத்திலேயே நின்று சொன்னான்.

"கேரண்டி கூரைக்கா, பெயிண்ட்டுக்கா?" என்றார் ரசமட்டம்.

"பெயிண்ட்டுக்குத்தான் ஐயா."

"அப்போ கூரை விழுந்தாலும் பெயிண்ட் அந்தரத்துல நிக்கும்."

அவன் சிரித்தான். அவளும் சிரித்தாள். சிரித்தபடியே அவன் காரை விழுந்த இடத்தை அண்ணாந்து பார்த்து, "யாரு ஐயா கட்டினது? நல்லா ஏமாத்திட்டுப் போயிருக்கான்," என்றான்.

அவர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். அவன் அச்சடித்த தாளில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போய் வெகுநேரம் ஆன பிறகும் திரும்பவில்லை. அன்று மத்தியானச் சோற்றை அவள் ஸ்பூனால் ஊட்டியபோது கண்ணை மூடிக்கொண்டுதான் விழுங்கினார்.

அவள் ஒரு முடிவு எடுத்தாள். இனி வருகிறவர்கள் வீட்டுக்குள் வாய் திறக்கக் கூடாது. பார்க்கட்டும், அளக்கட்டும். பேசுவதை மொட்டை மாடியில் பேசட்டும், இல்லையென்றால் தெருமுனையில். அவருக்கு எதைச் சொல்லலாம், எவ்வளவு சொல்லலாம் என்பதை அவள் பார்த்துக்கொள்வாள்.

இரண்டாவதாக மேஸ்திரி வந்தார். ஒரு காலத்தில் ரசமட்டத்திடம் சித்தாளாகக் கலவை சுமந்தவர். இன்றைக்கு அவருக்குக் கீழே பத்துப் பேர் வேலை செய்கிறார்கள். தெருமுனையிலேயே அவரை மறித்து, உள்ளே ஒரு வார்த்தை பேசக் கூடாது என்று கேட்டுக்கொண்டாள்.

"அண்ணன் முன்னாடி நான் என்னைக்கு அண்ணி வாய் திறந்திருக்கேன்," என்றார் மேஸ்திரி.

சொன்னபடியே பேசவில்லை. நேராக மேலே போனார். செருப்பைக் கழற்றிவிட்டுக் குந்தி உட்கார்ந்து, கைச்சுத்தியலால் தளத்தைத் தட்டிக்கொண்டே நகர்ந்தார். தெருப்பக்கச் சுவரில் ஆரம்பித்துப் பின்சுவர்வரை, சாணுக்கு ஒரு தட்டு. வெயில் சுட்டது. உள்ளங்காலை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டார். நடுக்கோட்டைத் தாண்டியபோது தட்டுவது மெதுவாயிற்று. ஒரே இடத்தில் இரண்டு தடவை, மூன்று தடவை தட்டினார். அவளுக்குச் சத்தத்தில் வித்தியாசம் தெரியவில்லை. அவருடைய முகத்தில்தான் தெரிந்தது.

"நாளைக்கு எழுதிக் குடுத்தனுப்பறேன் அண்ணி," என்று மட்டும் சொன்னார். கீழே இறங்கி அண்ணனிடம் உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்டார். வைத்த டீயைக் குடிக்காமலே போய்விட்டார்.

மறுநாள் சீட்டு வந்தது. பின்னறைக் காரையைக் கொத்திவிட்டு, வலை அடித்து, மறுபடி பூச வேண்டும் என்று எழுதியிருந்தது. பூச்சுக்காரன் கேட்டதில் பாதிகூட இல்லை. தன் கூலியை அவர் சேர்க்கவே இல்லை என்பது அவளுக்கே புரிந்தது. கம்பியைப் பற்றி ஒரு வரி இல்லை. அத்தனை நேரம் தட்டிவிட்டு இத்தனை சின்னதாக எழுதியிருந்ததுதான் அவளைப் பயமுறுத்தியது. சட்டை கொடுக்கிற கம்பெனியில் விசாரித்து, ஓர் இன்ஜினியரை வரச் சொன்னாள்.

இன்ஜினியர் ஒரு பெண், இவள் மகள் வயதிருக்கும். பின்னால் முடிச்சுப்போட்ட தலைமுடி, தோளில் பை. அதே மாதிரி மேலே போனாள், அதே மாதிரி குந்தினாள், அதே மாதிரி தட்டினாள். பிறகு உளியால் இரண்டு இடத்தில் கொத்தி, கோட்டுக்கு முன்னால் ஒரு துண்டும் பின்னால் ஒரு துண்டும் எடுத்து, தனித்தனிப் பையில் போட்டுக் கொண்டுபோனாள். மூன்று நாள் கழித்து வந்தபோது கட்டம் போட்ட தாளில் படம் வரைந்து கொண்டுவந்திருந்தாள். இருவரும் தண்ணீர்த்தொட்டி நிழலில் நின்றார்கள்.

"முன்பாதியில ஒரு குறையும் இல்லம்மா. இன்னும் இருபது வருஷம் தாங்கும். நல்ல கை போட்டிருக்கு. பின்பாதியும் அதே ஆள்தான் போட்டாரா?"

"அதே ஆள்தான்."

"பின்பாதி மணல்ல உப்பு இருந்திருக்கு. கம்பியைத் தின்னுடுச்சு. பூசறதுல பிரயோஜனமில்ல. கோட்டுல வெட்டி, அந்தப் பாதியை முழுசா இறக்கிட்டுப் புதுசாப் போடணும். ரெண்டு மாசம் வீடு காலியா இருக்கணும்."

"அதுவரைக்கும்?"

"அதுவரைக்கும் கீழே யாரும் படுக்கக் கூடாது."

"எத்தனை நாள் தாங்கும்னு..."

"அதை நான் சொல்லக் கூடாதும்மா. பத்து மழைக்கும் நிக்கும். இன்னைக்குச் சாயந்தரமே விழுந்தாலும் விழும்."

அவள் தாளை வாங்கிக்கொண்டாள். படத்தில் முன்பாதி வெறுமையாக இருந்தது. பின்பாதி முழுக்கப் பென்சில் கோடு. கோடுகளுக்கு நடுவே கட்டிலைக்கூட ஒரு நீள்சதுரமாக வரைந்திருந்தாள் அந்தப் பெண்.

மணல் அவளுக்கு மறக்கவில்லை. அதைக் கழுவியவள் அவள்தான். கடலோரத்து வேலையில் மிச்சமான மணல், சும்மா கிடைத்தது. உப்பு மணலை ஏழு தண்ணீரில் கழுவிக் காயவைத்துத்தான் சேர்க்க வேண்டும் என்றார் ரசமட்டம். முன்பாதிக்குக் கழுவினாள். தெருக்குழாயில் பிடித்து, குடம் குடமாகச் சுமந்து, பீப்பாயில் கொட்டி, கையால் அலசி, தண்ணீரை வடித்து, மறுபடி. ஒரு கூடை மணலுக்கு ஏழு முறை. பின்பாதி போடுகிற சமயம் வயிற்றில் மகள், ஏழாம் மாதம். முதல் இரண்டு கூடைக்கே இடுப்பு விட்டுப்போயிற்று. பீப்பாயைப் பிடித்துக்கொண்டு நின்று, போதும், இனிமேல் என்னால் முடியாது என்றாள். அவர் மணல் குவியலைப் பார்த்தார், அவள் வயிற்றைப் பார்த்தார். சரி விடு என்றார். கல்யாணமாகி அதுவரை அவர் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்து அவள் கேட்டதில்லை. அன்று முழுக்க அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது.

அடுத்த பத்து நாள் அவள் இடம் தேடினாள். காஜா எடுத்து முடித்த சட்டைகளைக் கம்பெனியில் போட்டுவிட்டு வருகிற வழியெல்லாம் தேடல்தான். மகள் வீடு மூன்றாம் மாடி, லிப்ட் கிடையாது, இரண்டே அறையில் மாமனார் மாமியார் வேறு. மகள் போனில் அழுதாள். அம்மா நீ மட்டும்னா இன்னைக்கே வந்துடு என்றாள். அப்புறம் அப்படிச் சொன்னதற்காக இன்னும் கொஞ்சம் அழுதாள். அவருடைய கூடப்பிறந்த அண்ணன், யோசித்துச் சொல்கிறேன் என்றார். அதற்குப் பிறகு அவர் போனை எடுக்கவில்லை.

வாடகைக்குத் தரைத்தளத்தில் ஓர் அறை கிடைக்கிற மாதிரி இருந்தது. வீட்டுக்காரம்மா முன்பணம்கூட வேண்டாம் என்றாள், நல்ல மனுஷி. யார் யார் இருப்பீர்கள் என்று கேட்டாள். கணவர் படுக்கையில் இருக்கிறார் என்றதும் வீட்டுக்காரம்மாவின் குரல் இன்னும் இதமாயிற்று. "தப்பா எடுத்துக்காதே தங்கச்சி. ரெண்டு மாசத்துக்குள்ள ஒண்ணு கிடக்க ஒண்ணு ஆயிட்டா, அப்புறம் அந்த ரூமுக்கு யாரு வருவா?" முதியோர் இல்லத்தில் இரண்டு மாதத்துக்கெல்லாம் சேர்ப்பதில்லை என்றார்கள். சேர்த்தால் கடைசிவரைக்கும்தான்.

பதினோராவது நாள் மத்தியானம் மழை பிடித்தது. பின்னறையில் இரண்டு இடத்தில் சொட்டியது. கட்டிலைத் தள்ள இடமில்லாததால் ஒரு பாத்திரத்தைத் தரையிலும் ஒன்றை அவருடைய கால்மேலும் வைத்தாள். இடது கால்மேல்தான்.

"மூணு சீட்டும் வந்துடுச்சுல்ல?" என்றார். "படி."

நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தாள். பூச்சுக்காரன் தாளைப் படித்தாள். மேஸ்திரி சீட்டைப் படித்தாள். மூன்றாவது தாளைக் கையில் பிடித்துக்கொண்டு, அதில் இல்லாததைப் படித்தாள். பின்னறையில் கொஞ்சம் கொத்தி, கம்பிக்கு மருந்து தடவி, பூசினால் போதுமாம். இருந்தபடியே செய்யலாமாம்.

"மேஸ்திரி எழுதினதேதான்."

"கிட்டத்தட்ட அதேதான்."

"அந்தப் பொண்ணு கம்பியைப் பத்தி வேற ஒண்ணும் எழுதலையா?"

"இல்லை."

"தாளைக் குடு."

அவள் கொடுக்கவில்லை. பாத்திரத்தில் சொட்டுகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

"எனக்குக் கையும் காலும்தான் போச்சு. காது நல்லா இருக்கு. நீ எல்லார் வாயையும் கட்டிப் போட்டே. சுத்தியலை விட்டுட்டே."

அவளுக்கு விளங்கவில்லை. அவர் வலது கையைத் தூக்கி, கட்டில் சட்டத்தில் விரல் முட்டியால் தட்டினார். பிறகு அவள் உட்கார்ந்திருந்த நாற்காலியின் பிளாஸ்டிக் கையைத் தட்டினார். முதல் சத்தம் கெட்டியாக இருந்தது, இரண்டாவது சத்தம் உள்ளே ஒன்றுமில்லாத மாதிரி.

"தெருச்சுவர்ல இருந்து கோடு வரைக்கும் கணீர்னு வந்துது. கோட்டைத் தாண்டினதும் ஒரு சாண்கூட நல்லா இல்லை. என் தலைக்கு நேரா வந்தப்போ அவன் மூணு தடவை தட்டினான். அப்பவே தெரிஞ்சுபோச்சு. அந்தப் பொண்ணும் தட்டினா. அதே இடம்தான்."

அவள் அத்தனை நாள் மொட்டை மாடியிலும் தெருமுனையிலும் நின்று ரகசியம் பேசியிருக்கிறாள். அந்த நேரமெல்லாம் இவர் கீழே படுத்துக்கொண்டு தட்டுத் தட்டாகக் கேட்டிருக்கிறார். அவருக்குக் கேட்காமல் போனது மனிதர்கள் பேசியது மட்டும்தான்.

"உப்புன்னும் தெரியும். விழுந்த அன்னைக்கே நாக்குல வச்சுப் பார்த்தேன்."

"நான்தானே போதும்னு சொன்னேன்."

"நீ சொன்னே. கொத்தனாரு யாரு, நீயா?"

தரையில் இருந்த பாத்திரத்தை அவள் நகர்த்தி வைத்தாள்.

"வேற ஒருத்தர் வீடா இருந்தா ஆள் வச்சாவது கழுவ விட்டிருப்பேன். நம்ம வீடுதானேன்னு விட்டேன்."

அவளைத் தேற்றுவதற்காக அவர் சொல்லவில்லை. வேலையில் நேர்ந்த ஒரு தவறைச் சொல்கிற மாதிரிதான் சொன்னார். அவளுக்கு அதில் பிடித்துக்கொள்ள ஒன்றும் அகப்படவில்லை.

அவளாக ஒரு வழி சொன்னாள். முன்னறை நன்றாக இருக்கிறது. கட்டிலை அங்கே போட்டுவிடலாம். கட்டில் போட்டால் மெஷினுக்கும் சட்டை மூட்டைகளுக்கும் இடம் போதாது, அவற்றை இங்கே கொண்டுவந்துவிடலாம்.

"அப்புறம் நீ இங்க உக்காந்து காஜா எடுப்பே. நான் அங்க படுத்துக்கிட்டு உன் மெஷின் எப்போ நிக்கும்னு கேட்டுக்கிட்டே இருப்பேன்."

"நான் பகல்ல மட்டும்தானே."

"கூரைக்குப் பகல் தெரியுமா? மெஷின் அங்கேயே இருக்கட்டும். நீயும் அங்கேயே படுத்துக்கோ. சோறு குடுக்கவும் துடைக்கவும் வா, போ. சும்மா வந்து உக்காராதே."

அவள் கால்மேல் இருந்த பாத்திரத்தை எடுத்து, வெளியே ஊற்றிவிட்டு, திரும்பவும் வைத்தாள்.

மறுநாள் மழை விட்டதும் மேஸ்திரியைக் கூப்பிட்டனுப்பினாள். இடிக்க வேண்டாம், பூச வேண்டாம், முட்டுக் கொடுத்தால் போதும் என்றாள். தளம் போடும்போது பலகைக்குக் கீழே நிறுத்துவார்களே, அந்த இரும்பு முட்டுகள். மேஸ்திரி வண்டி வைத்துப் பதினாலு முட்டும் எட்டுப் பலகையும் கொண்டுவந்தார். ஆள் யாரையும் கூட்டி வரவில்லை. தானே ஒவ்வொன்றாகத் தோளில் தூக்கி, மெஷினில் இடிக்காமல் பக்கவாட்டாக நடந்து, உள்ளே கொண்டுபோய்ச் சேர்த்தார்.

"டேய்," என்றார் ரசமட்டம். "பூசினா போதும்னு எழுதி அனுப்பினியே. உனக்கு நான் அதைத்தான் சொல்லிக் குடுத்தேனா?"

மேஸ்திரி முட்டின் திருகைத் திருகிக்கொண்டே, "நீங்க போட்ட தளத்தை இடிக்கணும்னு என் கையால எப்படிண்ணே எழுதுவேன்?" என்றார்.

"நீ எழுதலைன்னா அது நின்னுடுமா?"

மேஸ்திரி முட்டு ஒன்றை நிறுத்திவிட்டுக் கையைத் துடைத்தபடி, "அண்ணே, ரெண்டு மாசம்தானே, எங்க வீட்டுல..." என்று ஆரம்பித்தார்.

"சொல்லிடாதே. உன் பொண்டாட்டிகிட்ட நீ சாயந்தரம் போய்ச் சோறு கேக்கணும்."

மேஸ்திரி குனிந்து அடுத்ததை எடுத்தார். அதற்குப் பிறகு இருவரும் வேலையைப் பற்றி மட்டும் பேசினார்கள். ரசமட்டம் படுத்தபடியே சொல்லச் சொல்ல மேஸ்திரி நிறுத்தினார். அதை ஒரு சாண் இந்தப் பக்கம் தள்ளு. பலகையை மாத்திப் போடு, மரத்துக் கணு மேல வரக் கூடாது. ரொம்ப இறுக்காதே, தளம் பொறுக்காது. ஒரு முட்டுக்கு அவருடைய ஒரு குரல் என்று வேலை நடந்தது. அவருடைய பேச்சு வழுக்காமல் வந்தது. வாசலில் நின்று பார்த்தவளுக்கு அதைப் பார்க்கவே முடியவில்லை. முன்னறைக்குப் போய் நாலு சட்டைக்குக் காஜா எடுத்தாள். நாலும் கோணலாக விழுந்தன. பிரித்துப் போட்டாள்.

மூன்று மணிக்கு வேலை முடிந்தது. கட்டிலைச் சுற்றி இந்தப் பக்கம் ஐந்து, அந்தப் பக்கம் ஐந்து, தலைமாட்டில் இரண்டு, கால்மாட்டில் இரண்டு என்று முட்டுகள் நின்றன. குளியலறைக்குப் போக உடம்பைத் திருப்பித்தான் நுழைய வேண்டும். கட்டில் பக்கத்தில் நாற்காலி போட இடமில்லை. இனி நின்றபடிதான் அவருக்குச் சோறு ஊட்ட முடியும்.

மேஸ்திரி சட்டைப்பையிலிருந்து வாடகைக் கடைச் சீட்டை எடுத்தார். முட்டு பதினாலு, பலகை எட்டு என்று எழுதினார். அடுத்த வரியில் பேனா நின்றது.

"எத்தனை நாளைக்குன்னு போடணும் அண்ணி."

வழக்கமாக மூன்று வாரம் போடுவார்கள். தளம் இறுகியதும் கழற்றிவிடுவார்கள். இங்கே எதற்காகக் காத்திருப்பது என்று அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை. மேஸ்திரியும் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

முட்டுகளுக்கு நடுவிலிருந்து குரல் வந்தது.

"ஆறு மாசம் போடு."

"அதுக்குள்ள ஒரு இடம் கிடைச்சிடும்ணே. தளத்தை இறக்கிடலாம்."

"இடமெல்லாம் கிடைக்காது. ஆறு மாசத்துக்கு மேல நான் இருக்க மாட்டேன். அப்புறம் இவளுக்கு இதை இறக்கிட்டுப் போட்டுக் குடு. எழுதுடா."

மேஸ்திரி எழுதவில்லை. அப்போதுதான் அவளை நிமிர்ந்து பார்த்தார். என்ன பேச்சு பேசுறீங்க என்று அவள் ஓர் அதட்டல் போடுவாள் என்று காத்திருந்த மாதிரி இருந்தது. உள்ளேயிருந்து அவரும் காத்திருந்திருக்க வேண்டும், சத்தமே இல்லை.

அவள் கதவு நிலையில் கை வைத்தபடி நின்றாள்.

"எழுதுங்க," என்றாள்.